பச்சை குத்திய முகம்

கொடைக்கானலில் ஏறுகிற கவுஞ்சி பஸ் பூம்பாறையில் பாதி காலியாகிவிடும். மன்னவனூரில் மிச்சத்தில் பாதி. அதற்கப்புறம் வண்டியில் இருப்பது உரமூட்டைகளும், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வயசாளிகளும், தோள்பையைக் கட்டிக்கொண்டு தூங்கும் வடக்கத்தி ஆட்களும்தான். இறங்கினால் குளிர் காதைப் பிடிக்கும். மார்கழியில் விடியும்போது புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். வெயில் மேட்டைத் தாண்டி இறங்கினால்தான் கேரட் காட்டில் கை வைக்க முடியும். அதுவரை ஆண்கள் டீக்கடையில், பெண்கள் அடுப்படியில்.

நிலமெல்லாம் படிப்படியாய் வெட்டிய காடு. பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட். மேலே சீகையும் யூக்கலிப்டஸும். இருட்டினால் காட்டுமாடு இறங்கும். அதற்காகத் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஒருவர் ராத்திரி முழுக்க விழித்திருப்பார். முன்பு அந்த வேலையை ஊர்ப் பையன்கள் செய்தார்கள். பையன்கள் இப்போது கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும். தகரம் தட்டுவது ஒடிசாக்காரர்கள்.

நான் தங்கியிருந்த வீட்டுத் திண்ணைக்கு நேர் எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம், மோட்டார் ரூமை ஒட்டினாற்போல அவர்களுடைய தகரக் கொட்டகை. ஏழெட்டுப் பேர். எல்லோரும் கந்தமால் மாவட்டத்து ஆட்கள். எனக்கும் அவர்களுக்கும் பேச்சு இல்லை. பாஷை தெரியாது என்பது ஒரு காரணம். கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் இன்னொன்று. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

அவர்களில் ஒரு கிழவி. மகனும் மருமகளும் காட்டுவேலைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வரவழைக்கப்பட்டவள். குட்டையான உருவம். யாரோ கொடுத்த ஆம்பளை ஸ்வெட்டர் முழங்கால்வரை தொங்கும். நெற்றியில் ஆரம்பித்து இரண்டு கன்னத்திலும் இறங்கி மோவாய் வரைக்கும் பச்சை குத்திய கோடுகள். கோந்த் பழங்குடிப் பெண்கள் அந்தக் காலத்தில் சிறுமிகளாய் இருக்கும்போதே முகத்தில் இப்படிக் குத்திக்கொள்வார்கள். அவள் வயசுக்காரிகளோடு அந்தப் பழக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கவுஞ்சிக்கு அது புதிசு. ஓடையில் துணி அலச வந்த பெண்கள் வாய்விட்டே கேட்டார்கள்.

"ஏத்தா, மூஞ்சியில என்னத்த இப்பிடி எழுதி வச்சிருக்க?"

கிழவிக்குக் கேள்வி புரிந்திருக்க வேண்டும். கேட்டவளுடைய கையைப் பிடித்து இழுத்து, முழங்கையில் தேள் மாதிரி குத்தியிருந்த பச்சையைத் தன் விரலால் தடவிக் காட்டி, ஏதோ சொல்லிச் சிரித்தாள். நீயும்தானே குத்தியிருக்கிறாய் என்று அர்த்தமாக இருக்கலாம். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. அன்றைக்கிருந்து அவள் ஊருக்கு 'பச்சைக்கார ஆத்தா'.

அவள் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன், தமிழ் பேசுவான். காலையில் டீக்கடைக்கு வருவான். அங்கே கடைக்காரர் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார், ஊரில் நிலம் கிலம் இல்லையா என்று.

"இருக்கு அண்ணா. மஞ்சள் போடுவோம். இஞ்சி போடுவோம். வீடுதான் எரிஞ்சு போச்சு."

"எப்ப?"

"நான் சின்னப் பையன். ஒன்பது வயசு. ராத்திரி வந்தாங்க. நாங்க காட்டுல ஓடிட்டோம். மூணு நாள் காடு. மழை அண்ணா, அட்டை கடிக்கும். அப்புறம் கேம்ப்."

"யாரு வந்தா? எதுக்கு?"

"பக்கத்து ஊர் ஆளு. வேற ஊர் ஆளும் வந்தான். நாங்க யேசு கும்பிடறோம்ல. அதுக்கு."

ரோட்டில் ஒரு லாரி சாய்ந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னான். காட்டோரத்தில் இலையில் சோறு கட்டி வைத்துவிட்டுப் போனது அவர்கள் தெருவிலேயே இருந்த ஒரு இந்து வீட்டு அக்கா என்பதையும் அதே குரலில் சொன்னான். அப்பா? கேம்பில் காய்ச்சல் வந்து போய்விட்டார். கடைக்காரர் வேறொன்றும் கேட்கவில்லை. இன்னொரு டீ ஆற்றி வைத்தார். சுவரில் ஒட்டிய கணக்கு நோட்டில் அந்த டீக்குக் கோடு விழவில்லை.

அவன் சொன்னது 2008. அந்த ஆண்டு ஆகஸ்ட் 23 இரவு, கந்தமாலில் ஜலேஸ்பட்டா ஆசிரமத்தில் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதியையும் அவரோடு இருந்த நால்வரையும் சுட்டுக் கொன்றார்கள். விசுவ இந்து பரிஷத்தின் பெரிய தலைவர் அவர்; பல்லாண்டுகளாக அந்த மலையில் மதமாற்றத்துக்கு எதிராக வேலை செய்தவர். கொன்றது நாங்கள்தான் என்று மாவோயிஸ்டுகள் அறிவித்தார்கள். ஆனாலும் பழி கிறிஸ்தவர்கள் தலையில் விழுந்தது. உடல் ஊர்வலமாகப் போன வழியெல்லாம் தீ. செத்தவர்கள் 39 பேர் என்றது அரசுக் கணக்கு. நூறை ஒட்டி இருக்கும் என்றன சபைகள். ஆயிரக்கணக்கான வீடுகள், நூற்றுக்கணக்கான தேவாலயங்கள், ஜெபவீடுகள். 50,000 பேருக்கு மேல் காட்டிலும் முகாமிலும். திரும்பி வர வேண்டுமானால் இந்துவாக மாறி வா என்று பல ஊர்களில் நிபந்தனை வைத்தார்கள். மாறியவர்களும் உண்டு. வீடு, நிலம், பிள்ளைகள் என்று ஒருவனுக்கு எவ்வளவோ இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதற்கு முந்தைய ஆண்டே பொறி விழுந்துவிட்டது. 2007 டிசம்பர் 24, இவர்களுடைய தாரிங்பாடி வட்டாரத்தில் பாமுணிகாவ் கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் அலங்காரத்தை வைத்துக் கிளம்பிய தகராறு மாவட்டம் முழுக்கப் பரவியது. அடியில் இருந்தது தோரணம் மட்டுமல்ல. நிலமும் சாதியும் இருந்தன. பாணா என்கிற தலித் மக்கள் கிறிஸ்தவர்களானால் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை போய்விடும். கோந்த் பழங்குடிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை; எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பழங்குடி பழங்குடிதான். பாணாக்களும் குயி மொழி பேசுகிறவர்கள்தான். எங்களையும் பழங்குடிப் பட்டியலில் சேருங்கள் என்று அவர்கள் கேட்டபோது கோந்தர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்ற ஆளா இல்லை? கவுஞ்சிக் கொட்டகையில் கோந்தும் பாணாவும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். கிழவி கோந்த், மருமகள் பாணா. குழந்தை யாருடைய சாதி என்று நான் கேட்கவில்லை. அரசாங்கம் ஒருநாள் கேட்கும்.

கொடைக்கானலில் கிறிஸ்தவம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. காய்ச்சலுக்குப் பயந்து 1845இல் மலையேறி வந்து முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகள், செண்பகனூரில் சேசு சபையாரின் பெரிய கட்டடம், பேண்டு வாசிக்கும் பள்ளிக்கூடங்கள், ஃபயர்பிளேஸ், கேக். கால்டுவெல் இந்த மலையில்தான் 1891இல் கண்ணை மூடினார். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கோந்தர்களுடைய மொழியையும் நம் குடும்பத்தில்தான் சேர்த்திருந்தார். அந்த மொழியில் தாலாட்டுப் பாடிக்கொண்டு ஒரு கிழவி இதே மலையின் பின்பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அவள் இருக்கும் இடத்தில் ஃபயர்பிளேஸ் கிடையாது. மூன்று கல், சீகை விறகு.

நான் பார்க்க உட்கார்ந்தது அவள் முகத்தை என்றாலும் அதிகம் கேட்டது அவள் சத்தத்தைத்தான். கேரட் கழுவுகிற நாட்களில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவளும் ஓடையில் இறங்கிவிடுவாள். தண்ணீர் ஐஸ். ஆண்களே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கையில் இவள் ஒரு பாட்டெடுப்பாள். வரிக்கு வரி மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் மேல் தண்ணீர் அடிப்பாள். பக்திப் பாட்டா, கேலிப் பாட்டா என்று தெரியாது. நடுவில் 'யேசு' வரும், அதற்கடுத்த வரியில் எல்லோரும் அவள் மகனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டும் கலந்ததாக இருக்கலாம். டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி போடும் வாசனை ஓடையைத் தாண்டி வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போய் நிற்பாள். "சூடா" என்று ஒரே வார்த்தை. ஆறின பஜ்ஜியைக் கொடுத்தால் வாங்க மாட்டாள்.

துன்பப்பட்டவர்களின் முகத்தில் நாம் எதையோ தேடுகிறோம். அழுதால் பரிதாபப்படலாம், அழாவிட்டால் ஆச்சரியப்படலாம். இரண்டுமே பார்க்கிறவனுக்கு வசதி. 'இவ்வளவு நடந்தும் எப்படிச் சிரிக்கிறாள் பாருங்கள்' என்று ஆரம்பிக்கிற பேச்சு, 'அப்படியானால் நடந்தது அவ்வளவு மோசமில்லை' என்கிற இடத்தில் போய் முடிவதை நான் கேட்டிருக்கிறேன். அவள் சிரிப்பு அவளுடையது. அவளுக்குச் சேர வேண்டிய நியாயம் வேறு கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது.

அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. பேராயர் ரஃபேல் சீனாத் தொடுத்த வழக்கில் 2016 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் கூடுதல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பதிவான 827 வழக்குகளில் 315 வழக்குகளைக் குற்றவாளி கிடைக்கவில்லை என்பது போன்ற காரணம் சொல்லி போலீஸ் மூடியிருந்தது. அவற்றை மறுபடி பார்க்கச் சொன்னது நீதிமன்றம். விசாரணை முடிந்த 362 வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை 78. தீர்ப்பு வந்த பன்னிரண்டாம் நாள் சீனாத் இறந்துபோனார். இன்னொரு பக்கம், சுவாமியின் கொலைக்காகக் கந்தமால் கிறிஸ்தவர்கள் ஏழு பேருக்கு 2013இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் ஜாமீனில் வெளியே வர 2019 ஆனது. அந்த ஆண்டுகளில் அவர்களுடைய வீட்டுப் பெண்கள் ஜெயிலுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்த நடைக்கு எந்தக் கோர்ட்டிலும் கணக்கில்லை. ஒடிசாவில் இதெல்லாம் நடந்தது, நமக்கென்ன என்று இருக்கவும் முடியாது. மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஒடிசா 1967இல் கொண்டுவந்தது என்றால், 2002இல் தமிழ்நாட்டிலும் ஒன்று வந்தது. 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது.

கார்த்திகை மாதம் கீழேயிருந்து ஒரு வேனில் சிலர் வந்தார்கள். நல்லவர்கள். கம்பளி கொண்டுவந்திருந்தார்கள், குழந்தைக்குக் குல்லா. கொடுத்து முடித்ததும் கிழவியைக் கொட்டகைக்கு வெளியே வெளிச்சத்தில் உட்காரவைத்து, போனை ஸ்டாண்டில் மாட்டினார்கள்.

"அம்மா, கர்த்தர் உங்களை எப்படிப் பாதுகாத்தார்னு ஒரு சாட்சி சொல்லுங்க. அந்த ராத்திரியைப் பத்தி."

மகன் மொழிபெயர்த்தான். கிழவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நீளமாகப் பேசினாள். கைகளால் பள்ளம் தோண்டினாள், எதையோ அளந்தாள், ஒரு தடவை கோபமாக விரலை ஆட்டினாள். வந்தவர்களில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் மகன் தலையைச் சொறிந்தான்.

"மஞ்சள் சொல்லுது. வீடு எரிஞ்ச வருஷம் மஞ்சள் மண்ணுக்குள்ளேயே கிடந்துச்சாம். கேம்ப்லேருந்து திரும்பிப் போனா, அது பாட்டுக்கு வளர்ந்திருக்கு. பாதியை வேற ஆளு தோண்டிட்டுப் போயிட்டான். மீதியைத் தோண்டி, அவிச்சு, காய வச்சு, வித்துத்தான் கூரை போட்டோம். வியாபாரி எடையில ஏமாத்திட்டானாம். அவனைத்தான் திட்டுது."

"அந்த ராத்திரியப் பத்தி?"

மகன் கேட்டான். கிழவி குழந்தையை வாங்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வேன் போன பிறகும் கொட்டகைக்குள் அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் வியாபாரியைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் இருபது தாண்டியதும் கொட்டகையில் அரிசி இடிக்கும் சத்தம். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் உரலைக் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். வெல்லப்பாகின் வாசனை வந்தது. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடையைத் தாண்டிப் போய் எட்டிப் பார்த்தார். ஊறவைத்த பச்சரிசி மாவு, பாகு, எள். தட்டி எண்ணெயில் போட்டு, எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் அமுக்கி எண்ணெயை வடிக்கிறாள் கிழவி.

"அடி ஆத்தே, இது நம்ம அதிரசம்ல!"

ஒடிசாவில் அரிசா பிட்டா என்பார்கள். பெயர் எதுவானாலும் பாகுப் பதத்தில் தகராறு வந்துவிட்டது. அம்மா இன்னும் கொஞ்சம் முறுக வேண்டும் என்கிறார். கிழவி போதும் என்கிறாள். இருவருக்கும் பொதுப் பாஷை இல்லை. அம்மா ஒரு சொட்டுப் பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிக் காட்டினார். கிழவி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுத் தன் பதத்திலேயே மாவைக் கொட்டினாள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வந்தது. மெத்தென்று, ஓரம் மட்டும் மொறுமொறுப்பாக. "நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா ஒப்புக்கொண்டார், மூன்றாவதைத் தின்கிறபோது.

இருபத்துநாலாம் தேதி இரவு மகன் மூங்கில் சீவி, வண்ணத்தாள் ஒட்டி ஒரு நட்சத்திரம் கட்டினான். உள்ளே பல்பு போட வயர் வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் மோட்டார் ரூமிலிருந்து இழுத்துக்கொள்ளச் சொன்னார். நெற்றி நிறையத் திருநீறு, பூம்பாறை குழந்தை வேலப்பர் பக்தர். தேருக்கு வடம் பிடிக்காத வருஷம் கிடையாது. வயரை அவரே நின்று இன்சுலேஷன் டேப் சுற்றினார். "ஷாக் அடிச்சு யாராச்சும் போய்த் தொலைஞ்சா எவன் பதில் சொல்றது" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து.

தாரிங்பாடிக்காரர்களுக்கு அந்தத் தேதி எப்படிப்பட்டது என்று முன்னமே சொன்னேன். நட்சத்திரம் எரியத் தொடங்கியதும் ஆட்களில் மூத்தவர் ஒருவர் தன்னையறியாமல் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் ஒரு நாயும் இல்லை. பிறகு அவரே மத்தளத்தை எடுத்தார்.

ஜெபத்துக்கு உபதேசியார் ஒருவர் வந்திருந்தார். குமரி மாவட்டத்துக்காரர்; வயசு எழுபதுக்கு மேல், மஃப்ளருக்குள் முகம் புதைந்திருந்தது. பைபிள் வாசித்து முடித்ததும் அவருக்குத் தன் ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், தேவசகாயம் பிள்ளையின் கதையை எடுத்தார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனை உத்தியோகஸ்தர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவன் டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர். நாலு வருஷத்தில் கைது. கை கால் விலங்கு, ஊர் ஊராக அடி, புண்ணில் மிளகாய்ப்பொடி. கடைசியில் 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் ரோமாபுரியில் புனிதர் பட்டம்.

உபதேசியார் நீட்டி முழக்குவார். மகன் குயியில் இரண்டே வார்த்தையில் முடிப்பான். "அத்தனையும் சொல்லிட்டியா தம்பி?" என்று அவருக்குச் சந்தேகம். "சொல்லிட்டேன் ஐயா." எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள் என்ற இடம் வந்ததும் கிழவி சத்தமாகச் சிரித்துவிட்டாள். உபதேசியாருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் சிரிப்பு ஒட்டுவாரொட்டி. குழந்தைகள் சிரிக்க, மத்தளக்காரர் சிரிக்க, கடைசியில் உபதேசியாரும் மஃப்ளருக்குள் சிரித்தார். எருமை மேல் திரும்பி உட்கார்ந்த மனிதர் தனக்கு முன்னால் நடப்பதைப் பார்க்க முடியாது. பின்னால் ஓடிவரும் ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அது கிழவிக்கு ஏன் அவ்வளவு வேடிக்கையாக இருந்தது என்று மகனிடம் உபதேசியார் கேட்டார். அவள் சொன்ன பதிலை மகன் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டான்.

கதை முடிந்தது. பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் கிழவி ஒரு கேள்வி கேட்டாள்.

"அவரு பொண்டாட்டி என்ன ஆச்சுன்னு கேக்குது ஐயா."

உபதேசியார் நின்றார். இந்தக் கதையை எத்தனையோ இடத்தில் சொல்லியிருப்பார். இந்தக் கேள்வி அதிகம் வந்திருக்காது போல. மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

"பேரு பார்கவி. ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஞானப்பூ. அவரு செத்தப்பறம் சொந்த ஊர்ல இருக்க முடியல. வடக்கன்குளத்துக்கு வந்துட்டாங்க. பதினாலு வருஷம் அங்க இருந்து, அங்கயே அடக்கம்."

மகன் சொன்னான். இந்தத் தடவை அவனும் நீளமாகவே சொன்னான். கிழவி யோசித்துவிட்டு மறுபடி கேட்டாள்.

"பதினாலு வருஷம் என்ன வேலை செஞ்சு சாப்பிட்டாங்கன்னு கேக்குது."

உபதேசியாரிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார். உண்மையாகவே பையிலிருந்து டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். கிழவி, சரி, மறக்காதே என்கிற மாதிரி அவரைப் பார்த்து விரலை ஆட்டினாள். பிறகு மத்தளம். கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. பின்வரிசையில் கைகட்டிக்கொண்டு நின்ற காட்டுக்காரர், "காட்டுமாடு இன்னிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது" என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன்.

பொங்கலுக்கு முன்னால் கிழவி ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. சென்னை போய் ரயில் ஏறி, பிரம்மபூரில் இறங்கி, அங்கிருந்து தாரிங்பாடிக்கு மலை பஸ். துணைக்கு ஒருவன் போகிறான். கிளம்புகிறதுக்கு முந்தின நாள் காட்டுக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றாள், மகனோடு. உள்ளே அடுப்புப் புகையில் பூண்டுக் கொத்துகள் வரிசையாகக் கூரையில் தொங்கின. சந்தைக்கு எடுத்தது போக விதைக்கு நிறுத்தியவை. அவள் ஒரு கொத்தைக் காட்டினாள்.

"விதைக்கு வேணுமாம் அண்ணா. ஊர்ல போடணுமாம்."

"மலைப்பூண்டு உங்க ஊர்ல எப்பிடிப்பா வரும்? மண்ணு வேற."

மகன் சொல்லி முடிக்குமுன்பே அவள் தன் பக்க நியாயத்தை ஆரம்பித்துவிட்டாள். தாரிங்பாடியிலும் பைன் மரம் உண்டு, காப்பி உண்டு, குளிர்காலத்தில் புல்லில் பனி உறையும். அவள் கண்ட பனியைவிட இது ஒன்றும் பெரிசில்லை. இங்கே பூண்டு போடுவதையும் எடுப்பதையும் அவள் பார்த்தாயிற்று. பாத்தி எவ்வளவு அகலம், பல்லை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது, எல்லாம் தெரியும். ஓடையில் கேரட் கழுவிய நேரம் போக அவள் என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வடுகபட்டி சந்தையில விதைப்பூண்டு என்ன விலை போகுது தெரியுமா?"

காசு இல்லை, மஞ்சள் தருகிறாளாம். சொன்னபோது அவள் குரலில் ஒரு மிடுக்கு. கந்தமால் மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே ஆண்டில்தான் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. இது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பேரம் இன்னும் ஏறியிருக்கும்.

"ஒரு கிலோ பூண்டுக்கு ரெண்டு கிலோ மஞ்சள்" என்றார் காட்டுக்காரர்.

ஒன்றுக்கு ஒன்று என்று விரலைக் காட்டினாள் கிழவி.

"ஏங்க, கொடுத்துத் தொலைங்களேன், ஒரு மஞ்சளுக்கு இப்பிடியா" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"நீ சும்மா கெட. சரிப்பா, ஒண்ணரை. ஆனா முதல்ல மஞ்சள் வரட்டும். பார்சல் போடச் சொல்லு. வந்ததும் பூண்டு அனுப்புறேன்."

மகன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். அதற்குள் கிழவி வாசப்படி ஏறி உள்ளே போய், கொத்தைக் கழற்றுவதற்குக் கையை மேலே நீட்டிவிட்டாள். எட்டவில்லை. திரும்பி, இத்தனை மாதத்தில் சேர்த்த தமிழையெல்லாம் திரட்டிச் சொன்னாள்:

"முதல்ல பூண்டு."